படகு நூடுல்ஸ்: கோளாறு கிண்ணத்தில், காரணம் எங்கே?

பாங்காக் வெற்றி நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில், சம்சேன் கால்வாயை ஒட்டி, படகு நூடுல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து சொன்னதும் வருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிண்ணம். மூன்று வாய், மிஞ்சிப் போனால் நாலு வாய். காலிக் கிண்ணங்களை மேசையிலேயே அடுக்கி வைப்பார்கள், கடைசியில் எண்ணிக் காசு. பக்கத்து மேசையின் கோபுரத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு "இன்னும் ரெண்டு" என்று சொல்லாதவர்கள் குறைவு.

தாய்லாந்து மொழியில் இதன் பெயர் குவைத்தியோ ருவா. ருவா என்றால் படகு. குவைத்தியோ என்பது தியோச்சு சீனர்களோடு வந்த சொல். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் கொய்தியாவ் என்று சொல்வதும் அதுதான். பாங்காக், ரங்சித், அயுத்தயா பக்கத்துக் கால்வாய்களில் ஒற்றை ஆளாகப் படகு ஓட்டி, படகுக்குள்ளேயே கரியடுப்பில் சாறு கொதிக்க வைத்து விற்றார்கள். துடுப்பையும் பிடித்து, குழிக்கரண்டியையும் பிடித்து, ஆடுகிற படகிலிருந்து கரையில் நிற்பவருக்குச் சுடச்சுட நீட்ட வேண்டும். பெரிய கிண்ணமாக இருந்தால் பாதி கால்வாய்க்குத்தான் போகும். கிண்ணம் சிறுத்ததற்கு இங்கே தாய்லாந்தில் சொல்லப்படும் காரணம் இதுதான். அப்புறம் கால்வாய்கள் தூர்க்கப்பட்டுச் சாலைகள் வந்தன, கடைகள் கரையேறின. கிண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், வீட்டுப் படகு நூடுல்ஸில் வரும் கோளாறுகளில் பாதி, கிண்ணத்தைப் பெரிதாக்குவதால் வருபவை. நானும் முதல்முறை அடி ஆழமான பெரிய கிண்ணத்தில், நிறைய நூடுல்ஸ், நிறைய முளைப்பயறு, நிறையக் கறி என்று அள்ளிப்போட்டுப் பரிமாறினேன். அதில் கீழே உள்ள கோளாறுகளில் குறைந்தது ஐந்து ஒரே நேரத்தில் இருந்திருக்கும்.

கோளாறு தேடுவதற்கு முன்னால் சரியானது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். சாற்றில் பன்றி ரத்தம் சேர்த்த வகைக்கு 'நாம் தோக்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் நம் 'நீர்வீழ்ச்சி'தான். அதன் சாறு பால் விட்ட சாக்லேட் நிறத்தில், கரண்டியின் முதுகில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும். நாக்கில் மணல் தட்டாது. முதல் வாயில் இனிப்பும் உப்பும், விழுங்கும்போது பட்டை, பேரரத்தை வாசனை, கடைசியில் பூண்டெண்ணெய். ரத்தம் வேண்டாதவர்கள் 'நாம் சாய்' என்று கேட்டுத் தெளிந்த சாறு வாங்கலாம். "மாய் சாய் லுவாத்" என்றால் ரத்தம் போடாதீர்கள் என்று பொருள். அதுவும் நல்ல சாப்பாடுதான், ஆனால் அதை மாவு கரைத்துக் கெட்டியாக்கி 'நாம் தோக்' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நான் வைக்கும் அளவு, சரிபார்க்க ஒரு அடிப்படையாக: ஒன்றரைக் கிலோ பன்றி எலும்பு, நாலு லிட்டர் தண்ணீர், மூன்று மணி நேரம். ஒரு முழுப் பூண்டு, ஆறு கொத்தமல்லி வேர், ஒரு தேக்கரண்டி வெள்ளை மிளகு, ஆறு துண்டு பேரரத்தை, இரண்டு தண்டு எலுமிச்சைப்புல், மூன்று ரம்பை இலை, விரல் நீளப் பட்டை ஒன்று, அன்னாசிப்பூ இரண்டு. கற்கண்டு 50 கிராம், சோயா சாஸ் நாலு மேசைக்கரண்டி, கருப்பு சோயா சாஸ் ஒன்றரை, சிவப்புப் புளித்த டோஃபு இரண்டு துண்டு, பூண்டு ஊறுகாய்த் தண்ணீர் (பூண்டு ஊறிய இனிப்புப் புளிப்புத் தண்ணீர்) மூன்று மேசைக்கரண்டி. மீன் சாஸ் கடைசியில், ருசி பார்த்து.

சாறு திரிந்து மணல் மணலாக இருக்கிறது

இதுதான் எல்லோருக்கும் முதலில் வருவது. காரணம் நாலு இருக்கலாம், வரிசையாகப் பாருங்கள்.

முதலில், வாங்கிய ரத்தம் எது? சந்தையில் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று பையில் கட்டிய பச்சை ரத்தம். இன்னொன்று வேகவைத்துக் கட்டியாக்கி, மரூன் நிற அல்வாத் துண்டு போலத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பது. இரண்டாவதை மிக்சியில் அடித்துச் சாற்றில் கலக்கலாம் என்று நினைத்தால், வந்து சேர்வது மணல்தான். ஒருமுறை வெந்து இறுகிய புரதம் மறுபடி கரையாது. துண்டாக வெட்டி நூடுல்ஸ் மேலே போடத்தான் அது.

பச்சை ரத்தம்தான் என்றால், அதில் உறைகட்டி இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஈரல் போல வழுக்கும் கட்டிகள் தட்டுப்படும். நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டையும் கிழித்த ரம்பை இலையையும் உள்ளே போட்டு, துணி கசக்குவது போலக் கசக்கினால் அந்தக் கட்டிகள் உடையும், நார் நாராக வருவது புல்லில் சுற்றிக்கொள்ளும். ஒரு கோப்பை ரத்தத்துக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. பிறகு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கடைக்காரர்கள் செய்வது இதுதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஏன் என்று கீழே வரும்.

மூன்றாவது, சேர்த்த விதம். ரத்தப் புரதம் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கி 80க்குள் முழுதாக இறுகிவிடும். குளிர்ந்த ரத்தத்தைக் கொதிக்கும் பானையில் மொத்தமாகக் கவிழ்த்தால், விழுந்த இடத்திலேயே கட்டியாகும். அது மெல்லிய துகளாகப் பரவ வேண்டும் என்றால் அசைவு வேண்டும். ரத்தத்தை அதன் இரண்டு பங்கு ஆறிய சாற்றில் முதலில் கரையுங்கள். அடுப்பைக் குறைத்து, ஒரு கையால் கிண்டிக்கொண்டே நூல் போல ஊற்றுங்கள். விளிம்பில் குமிழி வந்து, சாறு நிறம் மாறிக் கொஞ்சம் தடித்ததும், ஒரு நிமிடம் விட்டு இறக்கிவிடலாம். அதற்கு மேல் தளதளவென்று கொதித்தால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி மணல்.

கடைசி சந்தேகம் புளிப்பு. எலுமிச்சை, வினிகர் எதுவும் ரத்தம் சேர்க்கும் சாற்றில் அதிகம் இருக்கக் கூடாது, பாலைத் திரிப்பது போலத் திரித்துவிடும். பூண்டு ஊறுகாய்த் தண்ணீர் மூன்று கரண்டி தாங்கும், ஆறு தாங்காது. புளிப்பு சாப்பிடுகிறவர் மேசையில் சேர்த்துக்கொள்ள வேண்டியது.

ஏற்கெனவே திரிந்துவிட்டதா? துணியில் வடிகட்டி, தெளிந்த சாறாகப் பரிமாறுங்கள். மிக்சியில் அடித்தால் நிறம் திரும்பும், வழவழப்பு திரும்பாது.

கவிச்சி அடிக்கிறது

ரத்தத்தின் இரும்பு வாசனை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், அது இல்லாமல் படகு நூடுல்ஸ் இல்லை. ஆனால் மூக்கைச் சுளிக்க வைக்கும் கவிச்சி வேறு. பச்சை ரத்தத்தை முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அன்றைய ரத்தத்தில் ஈர நாணய வாசனைதான் இருக்கும். புளித்தோ அழுகலாகவோ வந்தால் எந்த மசாலாவும் காப்பாற்றாது, கொட்டிவிடுங்கள்.

ரத்தம் நல்லதாக இருந்தும் கவிச்சி வந்தால், எலும்பைச் சந்தேகப்படுங்கள். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பின் இடுக்கில் உள்ள கறுப்புக் கசடைக் கழுவிய பிறகுதான் சாறு வைக்க வேண்டும். இதைத் தவிர்த்தவர்களின் சாற்றில் எவ்வளவு பட்டை போட்டாலும் அடியில் ஒரு வாடை நிற்கும். சரி, இரண்டும் சரியாகத்தான் செய்தேன் என்றால் பேரரத்தை போதவில்லை. நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை என்று கிடைக்கும் காய்ந்த துண்டு இதற்கு மாற்றாகாது. அது காரமும் மருந்து நெடியும் கூடியது. இங்கே வேண்டியது பச்சைப் பேரரத்தை, தாய்லாந்து மொழியில் கா.

ரத்தம் வெந்ததா என்று சந்தேகமாக இருக்கிறது

இதை மட்டும் சந்தேகத்தில் விடாதீர்கள். தாய்லாந்தில் பச்சைப் பன்றி ரத்தமும் வேகாத இறைச்சியும் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி மனிதர்களுக்குத் தொற்றுகிறது. மூளைச்சவ்வு அழற்சி வரை போகும், பிழைத்தவர்களில் பலருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவும் அது ஏறும். கையுறை போடச் சொன்னது அதனால்தான்.

கடைகளில் கிண்ணத்தில் ஒரு கரண்டி ரத்தம் விட்டு, மேலே கொதிக்கும் சாற்றை ஊற்றிக் கலக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த 15 மில்லி ரத்தத்தின் மேல், கொதி நிலையில் உள்ள 120 மில்லி சாறு விழுந்தால் கலவை 90 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதிலேயே 40 கிராம் ஆறிப்போன நூடுல்ஸ் இருந்தால் 75க்கு இறங்கிவிடும். கிண்ணமும் குளிர்ந்திருந்து, பச்சை முளையும் ஒரு பிடி போட்டால் இன்னும் கீழே. கடைக்காரர் நூடுல்ஸையும் கீரையையும் கொதிநீரில் முக்கி எடுத்த கையோடு போடுகிறார், கிண்ணம் சின்னது, பானை நாள் முழுக்கக் கொதிக்கிறது. நம் வீட்டில் இது ஒன்றும் கிடையாது. ஆகவே வீட்டில் ரத்தத்தைப் பானையிலேயே சேர்த்து, மேலே சொன்ன மாதிரி குமிழி வரும்வரை சூடாக்கிவிடுங்கள். ஊற்றிக் கலக்கும் வித்தையைக் கடையில் பார்த்து ரசித்தால் போதும்.

பிரியாணி வாசனை வருகிறது

தமிழ்ச் சமையலறையில் மட்டும் வரும் கோளாறு இது! பட்டை, அன்னாசிப்பூ இரண்டும் நம் கைக்குப் பழகியவை, அதனால் கை தாராளமாகப் போகும். கூடவே கிராம்பு, ஏலக்காயும் உள்ளே விழுந்துவிடும். அப்புறம் அது சால்னா.

நாலு லிட்டருக்குச் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். பட்டையும் அன்னாசிப்பூவும் வெறும் வாணலியில் வாட்டி, துணியில் முடிந்து போட்டு, ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிடுங்கள். எலும்போடு மூன்று மணி நேரமும் கிடந்தால் கசப்பு இறங்கும். ஏற்கெனவே ஏறிவிட்ட சாற்றில், இன்னும் ஒரு லிட்டர் வெறும் எலும்புச் சாறு சேர்த்து, புதிதாக இடித்த கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகை வதக்கிப் போடுங்கள். இந்த மூன்றும்தான் தாய்லாந்துச் சமையலின் அடி வாசனை. கொத்தமல்லிக் கட்டு வாங்கும்போது வேரை வெட்டிக் குப்பையில் போடும் பழக்கத்தை இங்கே வந்த பிறகுதான் விட்டேன்.

எல்லாம் போட்டும் ருசி தட்டையாக இருக்கிறது

பெரும்பாலும் புளித்த டோஃபுவோ பூண்டு ஊறுகாய்த் தண்ணீரோ விடுபட்டிருக்கும். முதலாவது ஒரு மூத்த, பாலாடைக்கட்டி மாதிரியான ஆழம் தரும். இரண்டாவது இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஒரு சின்னத் தூக்கல். இரண்டுக்கும் நேர் மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. சோயா சாஸைக் கூட்டினால் உப்புத்தான் கூடும்.

ஆனால் இன்னொரு விஷயம். பானையில் ருசி பார்த்து "ஆஹா" என்று இருந்தால், கிண்ணத்தில் அது தட்டையாகத்தான் இருக்கும். நூடுல்ஸுக்கு உப்பில்லை, முளையிலும் கீரையிலும் தண்ணீர் இருக்கிறது. பானைச் சாறு தனியாகக் குடிக்க முடியாத அளவுக்கு ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். மூன்று வாய்க்கு அளந்த சாறு அது. பெரிய கிண்ணத்தில் அரை லிட்டர் ஊற்றிக் குடிப்பதற்காகச் சாற்றை இதமாக்கினால் நூடுல்ஸ் சப்பென்று போகும், தூக்கலாகவே வைத்தால் பாதிக் கிண்ணத்தில் திகட்டும். இதற்குச் சாற்றில் மருந்து கிடையாது, சின்னக் கிண்ணம் வாங்குங்கள்.

மீதியை மேசை பார்த்துக்கொள்ளும். மிளகாய்த்தூள், சர்க்கரை, மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர் என்று நாலு டப்பா உள்ள தட்டுக்கு க்ருவாங் புவாங் என்று பெயர். முதல் கிண்ணத்தை அப்படியே ருசி பார்த்துவிட்டு, இரண்டாவதிலிருந்து உங்கள் நாக்குக்குத் திருத்திக்கொள்ளலாம். சின்னக் கிண்ணத்தின் இன்னொரு வசதி இது. கெடுத்துக்கொண்டாலும் மூன்று வாயோடு போகும்.

நிறம் சரியில்லை

வெளிறி இருந்தால் கருப்பு சோயா சாஸ் அரைக் கரண்டி. தார் மாதிரி இருந்தால் அதுவே கூடிவிட்டது, லேசாகக் கசக்கவும் செய்யும். சாறு சேர்த்து விரிக்க வேண்டியதுதான். ரத்தம் சேர்த்த பின் நிறம் இன்னும் ஆழமாகும் என்பதால், அதற்கு முன் கடுந்தேநீர் நிறத்தில் நிறுத்துங்கள்.

நூடுல்ஸ் குழைகிறது, ஒட்டுகிறது, சாற்றைக் குடித்துவிடுகிறது

பாக்கெட்டில் வரும் காய்ந்த அரிசி நூடுல்ஸை நேரே கொதிநீரில் போடுவதால் வருவது. வெளியே கரைந்து, உள்ளே நரம்பாக இருக்கும். சென் லெக் என்ற மெல்லிய பட்டை வகையைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி, நாற்பது நிமிடம் ஊறவைத்தால் ரப்பர் போல வளையும். அதை ஒரு கிண்ணத்துக்கு ஒரு பிடி வீதம் கைப்பிடி வடிகட்டியில் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் பத்து இருபது விநாடி ஆட்டி எடுத்து, நன்றாக உதறி, உடனே ஒரு கரண்டி பூண்டெண்ணெயில் புரட்டுங்கள். எண்ணெய் பட்டால் ஒட்டாது. பத்துப் பேருக்கும் மொத்தமாக வேகவைத்து வைக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். பரிமாறுகிறவர் அன்றைக்கு அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான்.

சாற்றைக் குடித்துவிடுகிறது என்றால் கிண்ணத்தில் நூடுல்ஸ் அதிகம், அல்லது சாப்பிடுகிறவர் பேசிக்கொண்டே இருக்கிறார்.

கறி விறைக்கிறது, ஈரல் ரப்பராகிறது

மெல்லிய துண்டுகளுக்கு: நாருக்குக் குறுக்கே வெட்டி, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை, மரவள்ளி மாவு ஒரு தேக்கரண்டி, ஒரு சுற்று எண்ணெய் சேர்த்துப் பிசைந்து அரை மணி வையுங்கள். அப்புறம் கொதிக்கும் சாற்றில், தனிச் சட்டியில், சிவப்பு முழுக்க மறையும்வரை மட்டும். ஈரலை மிக மெல்லியதாக வெட்டினால் உள்ளே வேகும் நேரத்தில் வெளியே விறைக்காது. தடியாக வெட்டிவிட்டு நேரத்தைக் குறைக்கப் பார்ப்பது ஆபத்து. மாட்டுக் கால்தசை என்றால் இது வேறு கதை: சாற்றிலேயே இரண்டரை மணி நேரம், அவசரப்படாமல்.

கீரை கறுத்து நாராக இருக்கிறது

பக் புங் என்பது நம் வள்ளைக்கீரை, இலங்கையில் கங்குன். தடித்த அடித்தண்டை விட்டுவிட்டு, மெல்லிய தண்டை விரல்நீளம் வெட்டி, பத்து விநாடி கொதிநீரில். முளைப்பயறையும் அதோடு சேர்த்தே முக்குங்கள். பச்சையாகப் போட்டால் சாறு ஆறும். மேலே கிள்ளிப்போடும் ஹோரபா இலை கிடைக்காவிட்டால் திருநீற்றுப்பச்சிலையைப் பாருங்கள், ஒரே இனம்தான். சோம்பு வாசனை கொஞ்சம் மாறுபடும், ஆனால் குடும்பம் தெரியும்.

கடைசியில் ஒரு கசப்பு

பூண்டு அல்லது மிளகாய், இரண்டில் ஒன்று கருகியிருக்கும். பூண்டைப் பன்றிக் கொழுப்பில் சிறுதீயில் பொரித்து, வெளிர் பொன்னிறம் வந்ததுமே வடிகட்டிவிடுங்கள்; எடுத்த பிறகும் அது ஒரு நிறம் ஏறும். காய்ந்த மிளகாயை மூக்கில் கமறல் ஏறும் முன் வாணலியிலிருந்து இறக்க வேண்டும். இருமல் வந்துவிட்டால் தாமதம். கேப் மூ என்ற பொரித்த பன்றித்தோலைக் கிண்ணத்தில் முன்கூட்டியே போட்டு ஊறவிடாமல், தட்டில் தனியாக வைத்துக் கடித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சுடவைத்தால் திரிகிறது

திரியும். ரத்தம் சேர்த்த சாறு இரண்டாவது கொதிக்குத் தாங்காது. அன்று தேவைப்படும் சாற்றை மட்டும் சின்னச் சட்டியில் பிரித்து அதில் ரத்தம் சேர்ப்பதுதான் வழி. மீதித் தெளிந்த சாறு டப்பாவில் ஊற்றி உறைய வைத்தால் ஒரு மாதம்கூட நிற்கும். பச்சை ரத்தத்தை அப்படி வைக்க வேண்டாம். எனக்கு எப்போதும் ஒரு கோப்பை மிஞ்சும். அதை அன்றே வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், தேங்காய்ப்பூ போட்டு ரத்தப் பொரியல் செய்துவிடுகிறேன். உப்பு மட்டும் போடாதீர்கள், ரத்தத்தில் ஏற்கெனவே போட்டாயிற்று.